கூட்டு ஹெலிகொப்டர் வளர்ந்த வரலாறு

இரண்டு தோணியிற் கால் வைத்தவன் கரை சேரான் என்பது தீவுப்பகுதியிற் பிறந்த நம் எல்லோருக்கும் தெரிந்த மூத்தோர் வாக்கு. ஆயினும் ஆகாயப் பிரயாணத்தின் வரலாற்றைப் படிக்கும்போது, இவ்வாக்கைப் பொருட்படுத்தாது, இரண்டு தோணியிலும் கால் வைத்தே கடலைக் கடந்துவிட வேண்டுமென்று பிடிவாதங் கொண்ட ஒரு கூட்டத்தாரைக் காண்கின்றோம். கூட்டு ஹெலிகொப்டரை உருவாக்க முனைந்த பொறியியலாளரே அவர்கள்.

ஆகாய விமானம் வேகமாகப் பறக்கும். ஆனால் எழவும் இறங்கவும் நீண்ட ஓடுபாதை வேண்டும். ஹெலிகொப்டர் ஒரு நெற்களத்தளவு இடத்திலிருந்து நேரே மேலெழும். வானில் அசையாது நிற்கும். ஆனால் வேகத்தில் விமானத்துக்கு மிகவும் பின்தங்கிவிடும். ஒன்றின் நன்மை மற்றதற்கு இல்லை. ஹெலிகொப்டரின் மேல்விசிறியோடு விமானத்தின் இறக்கையையோ, உந்துவிசிறியையோ, அவ்விரண்டையுமோ சேர்த்துவிட்டால் இரு நன்மையும் ஒரே யந்திரத்திற் கிடைக்குமல்லவா? இந்த எண்ணத்தின் விளைவே கூட்டு ஹெலிகொப்டர்.

எண்ணம் எளிது, செயல் எளிதன்று. 1947ஆம் ஆண்டு தொடக்கம் இங்கிலாந்து, அமெரிக்கா, சோவியத் நாடு, பிரான்ஸ் ஆகிய தேசங்களிலே இவ்வகை யந்திரங்கள் பல கட்டப்பட்டன. அவற்றிற் பல வானிற் பறந்து வேகச் சாதனைகளும் படைத்தன. எனினும் மேல்விசிறியோடு தனி உந்துவிசையும் பெற்ற கூட்டு ஹெலிகொப்டர் எதுவும் இன்றுவரை நாளாந்தச் சேவைக்கு வரவில்லை. அப்படியானால் இத்தனை ஆண்டு உழைப்பும் பொருளும் வீணோ? பரிசோதனை தோற்றது என்று நாம் எப்போது சொல்லலாம்? இவ்வினாவை மனத்திற் கொண்டே இவ்வரலாற்றை நோக்குவோம்.

வேகத்துக்கு வந்த தடை

ஹெலிகொப்டர் ஏன் வேகமாகப் பறக்க முடியாது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். சோளகக் காற்று வீசுங் காலத்திலே பொன்னாலைப் பாலத்தின் மேல் துவிச்சக்கர வண்டியிற் சென்றவர்களுக்கு இது கடினமான பாடமன்று. பொன்னாலையிலிருந்து காரைநகரை நோக்கி வரும்போது காற்று முகத்தில் அறைகின்றது. அதே பாலத்தில் திரும்பிச் செல்லும்போது காற்றே இல்லாதது போலத் தோன்றுகின்றது. காற்று மாறவில்லை, நாம் செல்லுந் திசையே மாறியது.

ஹெலிகொப்டரின் மேல்விசிறியில் ஒவ்வோர் அலகும் ஒரு சுற்றுக்குள் இவ்விரு நிலையையும் அனுபவிக்கின்றது. அலகின் நுனி மணிக்கு 750 கிலோமீற்றர் வேகத்திற் சுழல்வதாகக் கொள்வோம். ஹெலிகொப்டர் ஓரிடத்தில் நிற்கும்போது எல்லாப் பக்கத்திலும் காற்று ஒரே அளவாகவே அலகைத் தாக்கும். அது மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் முன்னோக்கிச் சென்றாலோ, முன்செல்லும் அலகின் நுனியைத் தாக்குங் காற்று 1,050 ஆக உயரும். பின்செல்லும் அலகின் நுனியிலே 450 ஆகக் குறையும். தூக்குவிசை காற்றின் வேகத்தினது வர்க்கத்தைப் பொறுத்து மாறுவதாதலின், அலகுகளின் சாய்வு ஒன்றாயிருக்குமாயின், ஒரு பக்கத்து நுனியில் எழும் விசை மறுபக்கத்து நுனியில் எழுவதைப் போல ஐந்து மடங்குக்கு மேலாகும். யந்திரம் கவிழாமலிருக்க வேண்டுமானால், பின்செல்லும் அலகு மேலும் மேலும் சாய்ந்து அக்குறையை ஈடுசெய்ய வேண்டும். அளவுக்கு மிஞ்சிச் சாய்ந்ததும் காற்று அதன் மேற்பரப்பை விட்டு விலகும், தூக்குவிசை அற்றுப்போகும்.

வேகத்தை 500 ஆக உயர்த்தினால் என்ன நிகழும்? முன்செல்லும் நுனியிலே 1,250. பின்செல்லும் நுனியிலே 250. கடல் மட்டத்தில் ஒலியின் வேகம் ஏறக்குறைய 1,225. ஆகவே ஒரு புறத்து அலகு ஒலியின் வேகத்தையே தாண்டி அதிரும். மறுபுறத்து அலகு காற்றின்றித் தவிக்கும். இது மனிதன் வகுத்த விதியன்று. இயற்கை வகுத்த வேலி. சாதாரண ஹெலிகொப்டர்களுள் அதிகாரபூர்வமான வேகச் சாதனை 1986 ஓகஸ்ட் 11ஆந் திகதி பிரித்தானியாவின் வெஸ்ற்லான்ட் லிங்ஸ் படைத்ததாகும். அது மணிக்கு 400.87 கிலோமீற்றர். வேலியின் ஓரம் மட்டுஞ் செல்வதற்கே அதற்குத் தனிப்பட்ட வடிவுடைய அலகுகள் தேவைப்பட்டன.

கூட்டு ஹெலிகொப்டர் இவ்வேலியை எவ்வாறு கடக்கின்றது? மேல்விசிறியின் பாரத்தைப் பகிர்ந்துகொள்வதாலேயே. வேகமாகச் செல்லும்போது பாரத்தின் ஒரு பகுதியை இறக்கை தாங்கும். முன்தள்ளும் வேலையை உந்துவிசிறி ஏற்கும். மேல்விசிறி ஓய்வாகச் சுழலலாம். பாயும் எஞ்சினும் ஒருங்கே கொண்ட மீன்பிடி வள்ளத்தில், காற்று வாய்த்தபோது பாயை விரித்து எஞ்சினுக்கு ஓய்வு கொடுப்பது போன்றதே இத்தந்திரம்.

ஒரு காற்றாடியிலிருந்து தொடக்கம்

இம்முயற்சிகளுக்கெல்லாம் முன்னோடி ஸ்பானிய தேசத்தவரான குவான் டி லா சியேர்வா. இவர் அமைத்த ஓட்டோஜைரோ என்னும் யந்திரம் 1923ஆம் ஆண்டு ஜனவரியிலே மட்றிட் நகருக்கு அண்மையிற் பறந்தது. பனையோலைக் காற்றாடியைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடும் சிறுவனை நாம் கண்டிருக்கின்றோம். காற்றாடியை அவன் சுழற்றுவதில்லை. அவன் ஓட்டமே அதைச் சுழற்றுகின்றது. ஓட்டோஜைரோவும் அத்தகையதே. முன்னாலுள்ள உந்துவிசிறி யந்திரத்தை இழுக்க, மேல்விசிறி எதிர்வருங் காற்றினால் தானே சுழன்று பாரத்தைத் தாங்கும்.

சியேர்வாவின் முதல் யந்திரங்கள் ஒரு பக்கஞ் சாய்ந்து விழுந்தன. காரணம் நாம் மேலே கூறிய இருபக்க வேறுபாடே. அலகுகளை விறைப்பாகப் பூட்டாமல், கதவுக்குப் பிணைச்சல் பூட்டுவது போன்று அடியிலே பிணைச்சல் வைத்து, மேலுங் கீழும் அசைய விட்டபோது அச்சாய்வு நீங்கியது. இன்றைய ஹெலிகொப்டர் அனைத்தும் இவ்வறிவுக்குக் கடன்பட்டவை. விழுந்துவிடாத விமானத்தை அமைப்பதையே வாழ்நாள் நோக்கமாகக் கொண்ட இப்பெரியார், 1936 டிசெம்பரில் இலண்டன் குறொய்டன் விமான நிலையத்திலே, தாம் பிரயாணியாக ஏறிய சாதாரண விமானம் ஒன்று எழும்போது விழுந்ததால் உயிர் நீத்தார்.

அதே 1936இல் ஜெர்மனியிலே ஃபொக்கே வூல்வ் 61 என்னும் ஹெலிகொப்டர் பறந்தது. 1939இல் அமெரிக்காவிலே ஈகோர் சிக்கோர்ஸ்கியின் யந்திரம் நிலத்தை விட்டெழுந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் ஹெலிகொப்டர் கைகூடிவிட்டது. அடுத்து எழுந்தது வேகத்தைப் பற்றிய வினா.

இங்கிலாந்தின் முயற்சி

முதல் விடை இங்கிலாந்திலிருந்து வந்தது. பெயரி விமானக் கம்பனியின் ஜைரோடைன் என்னும் யந்திரம் 1947 டிசெம்பரிற் பறந்தது. சாதாரண ஹெலிகொப்டரில் மேல்விசிறி ஒரு திசையிற் சுழலும்போது உடல் எதிர்த்திசையிற் சுழலாதபடி வாலில் ஒரு சிறுவிசிறி தடுக்கின்றது. அச்சிறுவிசிறி பாரத்தையும் தூக்குவதில்லை, முன்னோக்கியும் தள்ளுவதில்லை. ஜைரோடைனை வகுத்த பெனெற் என்பவர் அதை வாலிலிருந்து நீக்கி, வலப்பக்கத்துக் குட்டை இறக்கையின் நுனியில் முன்னோக்கியவாறு ஓர் உந்துவிசிறியை அமைத்தார். உடல் சுழலாமலும் தடுத்தது. யந்திரத்தை முன்னோக்கியும் இழுத்தது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்! 1948 யூன் 28ஆந் திகதி இது மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர் வேகத்திற் பறந்து ஹெலிகொப்டருக்கான உலக சாதனையைப் படைத்தது.

ஆனால் 1949 ஏப்ரலில், மற்றொரு சாதனைக்கு ஆயத்தமாகையில், மேல்விசிறியின் மையப் பகுதியில் உலோகம் களைத்து முறிய, யந்திரம் விழுந்து அதிலிருந்த இருவரும் மாண்டனர். சியேர்வாவின் மரணத்தையும் இம்மரணங்களையும் நாம் இங்கு குறிப்பது அனுதாபத்துக்காக மாத்திரமன்று. இவ்வரலாற்றின் ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் உயிரை முதலாக வைத்திருக்கின்றார் என்பதை மறத்தலாகாது.

பெயரி கம்பனியார் தளரவில்லை. இக்கட்டத்தில் ஒரு விசித்திரமான சம்பவம் கவனிக்கத்தக்கது. போர்க்காலத்திலே ஒஸ்திரியாவில் டொப்ல்ஹொவ் என்பவரும் அவர் கூட்டாளிகளும், மேல்விசிறி அலகுகளின் நுனியிலிருந்து ஜெற் தாரையைப் பீறிடச் செய்து விசிறியைச் சுழற்றும் ஒரு ஹெலிகொப்டரை அமைத்திருந்தனர். நம் கோயில் வாணவேடிக்கையிலே சுற்றும் சக்கரவாணத்தை நினைத்தால் இது எளிதில் விளங்கும். விசிறி தானே தன்னைச் சுழற்றுவதால் உடலை எதிர்த்திசையிற் திருப்பும் விசை எழுவதில்லை, வால்விசிறியும் வேண்டியதில்லை. போர் முடிந்ததும் டொப்ல்ஹொவ் அமெரிக்காவில் மக்டொனெல் கம்பனிக்கும், ஸ்ரெபான் இங்கிலாந்தில் பெயரி கம்பனிக்கும், லாவுபர் பிரான்சுக்குமாகப் பிரிந்தனர். ஒரு விளக்கிலிருந்து மூன்று விளக்குகள் ஏற்றப்பட்டது போலாயிற்று.

அமெரிக்காவில் மக்டொனெல் கம்பனி அமைத்த எக்ஸ்வி-1 என்னும் கூட்டு யந்திரம் 1954இற் பறந்தது. 1956 ஒக்டோபரில் மணிக்கு 322 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது. சுழலும் விசிறியுடைய எந்த யந்திரமும் அதற்கு முன் அவ்வேகத்தை எட்டியதில்லை. ஆனால் அதன் சிக்கலுக்கு ஈடான நன்மை இல்லையெனக் கருதப்பட்டு 1957இல் அம்முயற்சி கைவிடப்பட்டது.

இங்கிலாந்திலோ, விபத்துக்குத் தப்பிய இரண்டாவது ஜைரோடைன் நுனித்தாரை அமைப்புக்கு மாற்றப்பட்டு 1954இற் பறந்தது. அதிற் கற்றதைக் கொண்டு கட்டப்பட்டதே ரொட்டோடைன். கூட்டு ஹெலிகொப்டரின் வரலாற்றிலே இதற்கு ஒப்பான யந்திரம் அக்காலத்தில் வேறில்லை. 27 மீற்றருக்கு மேற்பட்ட விட்டமுள்ள நான்கு அலகு மேல்விசிறி. இருபுறத்து இறக்கைகளிலும் இரண்டு நேப்பியர் ஈலன்ட் எஞ்சின்கள். நாற்பது பிரயாணிகளுக்கு இடம். எழும்போது எஞ்சின்கள் அமுக்கிய காற்று அலகுகளின் நுனிக்குச் சென்று எரிபொருளோடு எரிந்து விசிறியைச் சுழற்றும். போதிய முன்வேகம் வந்ததும் நுனிச் சுடர் அணைக்கப்படும். அதன்பின் எஞ்சின்களின் வலு உந்துவிசிறிகளுக்கே செல்ல, மேல்விசிறி ஓலைக் காற்றாடி போலத் தானே சுழலும். பாரத்தில் ஏறக்குறையப் பாதியை இறக்கை தாங்கும்.

ரொட்டோடைன் 1957 நவம்பர் 6ஆந் திகதி முதன்முறை பறந்தது. 1959 ஜனவரி 5இல் 100 கிலோமீற்றர் சுற்றுப்பாதையை மணிக்கு 307 கிலோமீற்றர் வேகத்திற் பறந்து முடித்துச் சாதனை படைத்தது. நகரின் நடுவிலிருந்து எழுந்து மற்றொரு நகரின் நடுவில் இறங்கும் பிரயாணி விமானம் என்ற கனவு கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. இங்கிலாந்திலும் நியூயோர்க்கிலும் விமானச் சேவைகள் அக்கறை காட்டின.

ஆனால் வாங்குவோர் இட்ட நிபந்தனைகளுள் ஒன்று தடையாயிற்று. அது ஓசை. அலகு நுனிகளில் எரியும் தாரை எழுப்பும் இரைச்சல் நகர மாந்தர் பொறுக்கத்தக்கதன்று. எந்த நகர நடுவிலே இறங்குவதற்காக ரொட்டோடைன் பிறந்ததோ, அந்நகரமே அதை ஏற்க மறுக்கும் நிலை. ஓசையைக் குறைக்கும் கருவிகள் பல பரிசோதிக்கப்பட்டுக் குறிப்பிடத்தக்க அளவு பயனும் கண்டன. அதற்குள் 1960இல் பெயரியின் விமானப் பகுதி வெஸ்ற்லான்ட் கம்பனியின் கைக்கு மாறியது; செலவு ஏறியது; வாங்குவோர் தயங்கினர்; அரசாங்கமும் கைவிட்டது. 1962 பெப்ரவரியில் ரொட்டோடைன் திட்டம் நிறுத்தப்பட்டது. யந்திரம் துண்டு துண்டாக வெட்டப்பட்டது. அதன் சில பாகங்களே இங்கிலாந்தின் வெஸ்ற்றன்-சுப்பர்-மெயர் நகரிலுள்ள ஹெலிகொப்டர் நூதனசாலையில் எஞ்சியுள்ளன.

வானிலே வென்ற யந்திரம் தரையிலே தோற்றது என்பது இதன் சுருக்கம்.

இரு வல்லரசுகளின் முயற்சி

அதே காலத்தில் சோவியத் நாட்டிலே கமோவ் என்பவரின் பணிமனை கா-22 என்னும் மாபெரும் யந்திரத்தை அமைத்தது. விமானத்தின் இறக்கை நுனிகள் இரண்டிலும் பக்கத்துக்கொரு மேல்விசிறியும், முன்னே உந்துவிசிறியும் பூட்டிய தோற்றம். 1959இற் பறந்த இது 1961 ஒக்டோபரில் மணிக்கு 356 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது. அடுத்த மாதம் 16 தொன்னுக்கு மேற்பட்ட பாரத்தைத் தூக்கி உலகை வியக்கச் செய்தது. ஆயினும் 1962இல் நிகழ்ந்த விபத்திலே எழுவர் இறந்தனர். 1964இல் மற்றொன்றும் விழுந்தது. அத்தோடு அதன் கதை முடிந்தது. அந்நாட்டின் மி-6 என்னும் ஹெலிகொப்டரோ உந்துவிசிறியை விடுத்து, இறக்கையை மாத்திரம் ஏற்றுக்கொண்டது. 900க்கு மேற்பட்ட எண்ணிக்கையிற் கட்டப்பட்டது. கூட்டு எண்ணத்தின் ஒரு பாதி இவ்வாறு சேவைக்கு வந்தமை கவனிக்கத்தக்கது.

அமெரிக்காவிலே லொக்ஹீட் கம்பனி வேறொரு வழியிற் சென்றது. சியேர்வா வைத்த பிணைச்சலை நீக்கி, அலகுகளை விறைப்பாகப் பூட்டிய மேல்விசிறியை அது அமைத்தது. அவ்விசிறியோடு சிறிய இறக்கைகளையும் பக்கத்திலே ஒரு ஜெற் எஞ்சினையும் பூட்டிய எக்ஸ்எச்-51ஏ என்னும் பரிசோதனை யந்திரம் 1967இல் மணிக்கு 487 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது. அதே ஆண்டு செப்டெம்பரில் அக்கம்பனியின் ஷையென் என்னும் போர் ஹெலிகொப்டர் பறந்தது. அதன் வால் முனையில் ஒரு தள்ளும் விசிறி இருந்தது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அமெரிக்க இராணுவம் 375 யந்திரங்கள் வேண்டுமென ஒப்பந்தஞ் செய்தது.

ஆனால் விறைப்பான விசிறியில் எதிர்பாராத அதிர்வு தோன்றியது. 1969 மார்ச்சில் அவ்வதிர்விலே ஒரு யந்திரம் வானிலேயே சிதைந்து விமானி உயிரிழந்தார். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் உற்பத்தி ஒப்பந்தம் இரத்தானது. அதிர்வைப் பிற்பாடு அடக்கினரெனினும் காலம் கடந்துவிட்டது. செலவும் இராணுவத்தின் தேவையும் மாறிவிட்டன. 1972இல் திட்டம் முழுதும் நிறுத்தப்பட்டது.

புதைந்த விதைகள் முளைத்தல்

இவ்வளவோடு கதை முடிந்திருக்குமாயின், வரலாறு அதை ஒரு வீண்முயற்சியென ஒதுக்கியிருக்கும். ஆனால் சிக்கோர்ஸ்கி கம்பனி பிரச்சினையை வேறு விதமாக நோக்கியது. பின்செல்லும் அலகால் தூக்க முடியவில்லையா? அதைத் தூக்கும்படி ஏன் கேட்க வேண்டும்? ஒன்றின் மேல் ஒன்றாக, எதிரெதிர்த் திசையிற் சுழலும் இரண்டு விறைப்பான விசிறிகளை வைத்தால், எந்த நேரத்திலும் இரு புறத்திலும் முன்செல்லும் அலகு ஒவ்வொன்று இருக்கும். அவையே பாரத்தைத் தாங்கட்டும். பின்செல்பவை சும்மா இருக்கட்டும். இவ்வெண்ணத்திற் பிறந்த எக்ஸ்எச்-59ஏ முதலில் விபத்துக்குள்ளாயினும், பின்னர் இரண்டு ஜெற் எஞ்சின்களின் துணையோடு மட்டப் பறப்பிலே மணிக்கு 440 கிலோமீற்றருக்கு மேற் சென்றது. ஆனால் நான்கு எஞ்சின்கள், அதிக எரிபொருள், பொறுக்க முடியாத அதிர்வு, ஓட்டுவதற்கு இரு விமானிகளின் முழுக் கவனம்! 1981இல் அது ஓய்வு பெற்றது.

அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டு கழிந்தது. அதற்குள் கணினி வளர்ந்தது. இலேசான புதிய பொருள்கள் வந்தன. அதிர்வை அறிந்து எதிரதிர்வால் அடக்கும் கருவிகள் தோன்றின. சிக்கோர்ஸ்கி பழைய வரைபடங்களைத் தூசு தட்டி எடுத்தது. 2008 ஓகஸ்டில் எக்ஸ்2 பறந்தது. இருவிசிறி அமைப்பு அதே பழைய அமைப்பு, ஜெற்றுக்குப் பதிலாக வாலில் ஒரு தள்ளும் விசிறி, எஞ்சின் ஒன்றே. 2010 செப்டெம்பர் 15இல் அது மணிக்கு 463 கிலோமீற்றர் வேகத்தில் மட்டமாகப் பறந்தது.

அதே மாதத்திலே பிரான்சில் யூரோகொப்டர் கம்பனியின் எக்ஸ்3 முதன்முறை பறந்தது. அதன் தோற்றத்தைக் கண்டவர்கள் வரலாறு அறிந்தவர்களாயின் திடுக்கிட்டிருப்பர். வாலிலே விசிறி இல்லை. இருபுறத்துக் குட்டை இறக்கைகளிலும் ஒவ்வோர் உந்துவிசிறி, அவையே உடல் சுழலாமலும் தடுக்கின்றன, முன்னோக்கியும் இழுக்கின்றன. 1947இல் ஜைரோடைனில் பெனெற் வைத்த அதே தந்திரம்! முறிந்து விழுந்த அந்த யந்திரத்தின் எண்ணம் அறுபத்து மூன்று ஆண்டுகளின் பின் மீண்டும் எழுந்து, 2013 யூனில் மணிக்கு 472 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது.

எக்ஸ்2வின் வழியிலே 2015இல் ரெய்டரும், 2019இல் டிபையன்ற்றும் அமெரிக்காவிற் பறந்தன. ஷையெனைக் கட்டிய லொக்ஹீட்டின் வழிவந்த கம்பனியே 2015இற் சிக்கோர்ஸ்கியை வாங்கியதும் வரலாற்றின் ஒரு விளையாட்டு. எனினும் 2022 டிசெம்பரில் அமெரிக்க இராணுவம் தன் புதிய யந்திரமாக டிபையன்ற்றை ஏற்காது, விசிறிகளையே முன்னோக்கிச் சாய்க்கும் பெல் கம்பனியின் வி-280ஐத் தெரிவு செய்தது. ரெய்டரின் வழிவந்த யந்திரம் போட்டியிட்ட மற்றத் திட்டமோ 2024 பெப்ரவரியில் நிறுத்தப்பட்டது. மீண்டும் பழைய கதை: வானிலே வெற்றி, தரையிலே தோல்வி.

ஐரோப்பாவிலோ எக்ஸ்3இன் வாரிசாக எயர்பஸ் கம்பனியின் ரேசர் 2024 ஏப்ரல் 25ஆந் திகதி தென்பிரான்சின் மரின்யானிற் பறந்தது. இருபுறத்தும் மேலொன்றும் கீழொன்றுமாகச் சேரும் இறக்கைகள். அவற்றின் முனையிலே பின்னோக்கிய உந்துவிசிறிகள். மணிக்கு 400 கிலோமீற்றர் வேகத்திற் செல்வதோடு எரிபொருளையும் ஓசையையும் குறைப்பதே இதன் குறிக்கோள். இதன் பணிகளாக எண்ணப்பட்டவற்றுள் முக்கியமானவை மீட்புப் பணியும் நோயாளரை விரைந்து கொண்டுசெல்லும் பணியுமாகும்.

நமக்கு இதில் என்ன?

மேனாட்டு யந்திரங்களின் கதை காரைநகரில் இருக்கும் நமக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். கடல் சூழ்ந்த ஊரவர்க்கு இவ்வினா நெருங்கியது என்பதே நம் விடை.

ரொட்டோடைன் முதன்முறை பறந்து சில வாரங்களிலே, 1957ஆம் ஆண்டின் இறுதியில், இலங்கையைப் பெருவெள்ளம் தாக்கியது. பாலங்களும் பாதைகளும் அழிந்து ஊர்கள் தனித்து நின்றபோது, பிரின்ஸ்டன் என்னும் அமெரிக்கக் கடற்படைக் கப்பலின் ஹெலிகொப்டர்கள் நிவாரணப் பொருள்களைக் கொண்டுசென்றன. கடல் பொங்கும் நாட்களில் நெடுந்தீவிலிருந்து கடுநோயாளர் விமானப்படையின் ஹெலிகொப்டரில் யாழ்ப்பாணம் கொண்டுவரப்பட்டதும் உண்டு. ஹெலிகொப்டரின் ஓசை கேட்டதும் பதுங்குகுழியைத் தேடி ஓடிய ஒரு தலைமுறை நம்மிடையே இன்றும் இருக்கின்றது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஒரே யந்திரம் அஞ்சவும் வைத்தது, உயிரும் காத்தது. யந்திரத்துக்கு நோக்கமில்லை, அதை ஏவுவோருக்கே உண்டு. கூட்டு ஹெலிகொப்டரின் ஆராய்ச்சிக்குரிய பணத்திற் பெரும் பங்கு போர்த் திணைக்களங்களிலிருந்தே வந்தது. அவ்வறிவு இன்று மருத்துவப் பணியை நாடுவது நாம் வரவேற்க வேண்டிய மாற்றம்.

வேகம் நமக்கு எவ்வளவு பயன் தரும் என்பதையும் நேர்மையாகக் கணக்கிட வேண்டும். நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 40 கிலோமீற்றர் எனக் கொள்வோம். மணிக்கு 240 கிலோமீற்றர் செல்லும் சாதாரண ஹெலிகொப்டருக்குப் பத்து நிமிடம். 400 செல்லும் கூட்டு ஹெலிகொப்டருக்கு ஆறு நிமிடம். நான்கு நிமிடத்துக்காக விலையுயர்ந்த யந்திரம் வேண்டியதில்லை. இருப்பது ஆயத்தமாக இருந்தாலே போதும். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வான்வழியே ஏறக்குறைய 300 கிலோமீற்றர். அத்தூரத்துக்கு முன்னதற்கு 75 நிமிடம்; பின்னதற்கு 45 நிமிடம். தலையில் அடிபட்டவருக்கோ, நெஞ்சடைப்பு நேர்ந்தவருக்கோ அந்த 30 நிமிடம் உயிரின் விலை. எந்தத் தூரத்துக்கு எந்த யந்திரம் என்பதை அறிதலே அறிவு. ரொட்டோடைனின் தோல்வியும் ஷையெனின் தோல்வியும் நமக்குப் புகட்டுவது இதுவே: யந்திரம் வேகமாயிருத்தல் மாத்திரம் போதாது, அது இறங்கும் ஊரார் அதன் ஓசையைப் பொறுக்க வேண்டும், அதை வாங்குவோர் அதன் செலவைத் தாங்க வேண்டும், அதன் தேவை நிலையாயிருக்க வேண்டும்.

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இம்முயற்சிகள் தோற்றனவா? தனித்தனியே நோக்கின், பெரும்பாலானவை தோற்றன என்றே சொல்ல வேண்டும். ஜைரோடைன் விழுந்தது, ரொட்டோடைன் வெட்டப்பட்டது, கா-22 மறக்கப்பட்டது, ஷையென் இரத்தானது. ஆனால் ஒன்றாகச் சேர்த்து நோக்கின், ஒவ்வொன்றும் அடுத்ததற்கு ஏதோ ஒன்றைக் கையளித்திருக்கின்றது. பெனெற்றின் உந்துவிசிறி ரேசரிலே சுழல்கின்றது. எக்ஸ்எச்-59ஏயின் இருவிசிறி எக்ஸ்2இலே மறுபிறப்பெடுத்தது. குறித்துவைக்கப்பட்ட தோல்வி இழப்பன்று. குறிப்பின்றி மறக்கப்பட்ட தோல்வியே இழப்பு. எக்ஸ்எச்-59ஏயை ஓய்வுக்கு அனுப்பியவர்கள் அதன் அளவீடுகளையும் குறைகளையும் எழுதிவைக்காது விட்டிருந்தால், 2008இல் எக்ஸ்2 பறந்திராது.

பரீட்சையில் ஒருமுறை தவறியதும் படிப்பைத் துறப்போரும், தொழிலில் ஒரு வருடம் நட்டப்பட்டதும் கடையைப் பூட்டுவோரும் நம்மிடையே பலர். அவர்களோடு நாம் வாதிடப் போவதில்லை. இவ்வரலாற்றை ஒருமுறை வாசித்துப் பார்க்கும்படியே வேண்டுகின்றோம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பர். எந்த அடி எங்கே பட்டது என்று எழுதிவைத்தவர்களே அம்மியை நகர்த்தினார்கள். நம் தீவுகளின் இளைஞரும் அவ்வாறு எழுதிவைக்கப் பழக வேண்டும். நமது வள்ளங்களில், வயற்கிணறுகளில், பாலங்களில் செய்து பார்த்த மாற்றம் எது, அது ஏன் பலிக்கவில்லை என்று ஒரு கொப்பியிற் குறித்து வைத்தால், நமக்குப் பின் வருவோர் நாம் விட்ட இடத்திலிருந்து தொடங்குவர். இரண்டு தோணியிற் கால் வைத்தவர்கள் பலமுறை கடலில் விழுந்தனர். ஆனால் ஒவ்வொரு முறையும் தோணிகளை இன்னும் சற்றுக் கிட்டவாகக் கட்டினர். இன்று அவற்றுக்கிடையில் உள்ள இடைவெளி மிகச் சிறிது.